கடல் தபாலில் வந்த குதிரைவாலி

1

கோல சிலாங்கூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே போன மாதம் ஒரு தமிழர் மளிகைக் கடை திறந்திருக்கிறார். திறந்த அன்றே என் கணவர் வேலை முடிந்து வருகிற வழியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒன் ஊரு சேவு இருக்கு. கருப்பட்டி இருக்கு. மாவடுகூட பாட்டில்ல போட்டு வெச்சிருக்கான். இனிமே நீ ஊருக்கு ஆர்டர் எழுத வேணாம்லா" என்றார். எனக்கு ஒரு நல்ல சேதி கொண்டுவந்த முகத்தோடு நின்றார்.

மறுநாள் போனேன். அவர் சொன்னது உண்மைதான். நம் ஊர்ப் பெயர் அச்சடித்த பொட்டலங்கள் அலமாரியில் வரிசையாக இருந்தன. கடைக்காரர், "என்னம்மா வேணும்? சொல்லுங்க, இல்லாட்டி வரவழைச்சித் தர்றேன்" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. கொஞ்சம் சீரகம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

"வேற ஒண்ணும் வாங்கலியா?" என்று வீட்டில் கேட்டார். காரணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லத் தெரியவில்லை. சொல்லப் போனால் என் மதினியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊரில் இருப்பவர்கள் வாசிப்பதற்கு இதை எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

2

நான் சாத்தூர்க்காரி. எழுபத்தொன்பதில் கல்யாணமாகி இங்கே வந்தேன். கிள்ளானில் இருந்த எங்கள் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் பேசி முடித்த சம்பந்தம். கணவர் நடராஜன் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். பேரீச்சம்பழம்போலக் குலைகுலையாகக் காய்க்கிற பழத்தை லோரி லோரியாகக் கொண்டுவந்து கொட்டி, அவித்து, எண்ணெய் எடுக்கிற ஆலை. அவித்த பழத்தின் வாடை எங்கள் வீட்டுத் தலையணை வரைக்கும் வந்துவிடும். வந்த புதிதில் அந்த வாடைக்கே எனக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கே சாப்பாட்டுக்குக் குறை என்று சொன்னால் பாவம். தவுக்கே என்று நாங்கள் சொல்லும் சீன முதலாளியின் கடையில் பருப்பு, மல்லி, மிளகாய் எல்லாம் உண்டு. ஆற்றில் இறால், சுங்கை செம்பிலாங் பக்கம் போனால் கருவாடு, தஞ்சோங் காராங்கிலிருந்து புது அரிசி. ஆனால் ஒரு மழைநாளில் அதலைக்காய் வற்றல் வேண்டும் என்று நாக்கு கேட்டால் என்ன செய்வது? கிள்ளானில் பெரிய தமிழ்க் கடை ஒன்றில் கேட்டேன். "அது என்ன காய்? பாகக்காயா?" என்றார் கடையில் நின்றவர். விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். அவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தார். "ஊர்க்காரம்மா" என்றார். இந்தியாவிலிருந்து வந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பத்து வருடம் கழித்தும் நான் ஊர்க்காரம்மாதான்.

நான் வந்த புதிதில் நாகப்பட்டினம் வழியாகக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. யாராவது வந்தால் கையில் கொடுத்தனுப்பலாம். பிறகு கப்பல் நின்றுபோனது. அதன்பின் தபால்தான் கதி. நான் சாத்தூரில் இருக்கும் தம்பி சௌந்தருக்கு எழுதுவேன். அவன் கடை கடையாக ஏறி வாங்கி, தகர டப்பாவில் அடைத்து, வெள்ளைத் துணி சுற்றித் தைத்து, அரக்கு முத்திரை வைத்துக் கடல் தபாலில் அனுப்புவான். நான் எழுதிப் போட்டதே மறந்துபோன சமயத்தில் அது வந்து சேரும். சேவு நமத்துப்போயிருக்கும். வெயிலில் காயவைத்து மறுபடி சூடு காட்டித் தின்பேன். ருசியாக இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

மகள் கயல்விழிக்கு ஒன்று கொடுத்தால் கடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவாள். "மா, பழசுலா இது. தா செடாப்." நன்றாக இல்லை என்பதை அவள் மலாயில்தான் சொல்வாள். மலாய்ப் பள்ளியில் போட்டோம். வேலை கிடைக்க அதுதான் வழி என்றார் அவள் அப்பா. நானும் சரி என்றேன். வீட்டில் நான் தமிழில் கேட்டால் அவள் பாதி மலாயில் பதில் சொல்வதும், நான் அந்தப் பாதிக்கு அர்த்தம் கேட்பதும் அப்போதே தொடங்கிவிட்டது.

3

மதினி என்று நான் சொல்வது நடராஜனின் அக்கா பார்வதியை. கலும்பாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் மரம் வெட்டி, அதாவது ரப்பர்ப் பால் எடுத்து, அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். பிள்ளைகள் இல்லை. நான் வந்த முதல் நாள் "மதினி" என்று கூப்பிட்டேன். "அது என்னா மதினி? இங்க அண்ணின்னுதான் சொல்லுவாங்க" என்றார். இரண்டு நாள் அண்ணி என்று கூப்பிட்டேன். மூன்றாம் நாள் அவரே, "வேணாம், மதினின்னே கூப்புடு. எங்க ஆத்தா பேசற மாதிரி இருக்கு" என்றார்.

அந்த ஆத்தாவை, அதாவது என் மாமியார் வேலம்மாவை, நான் பார்த்ததில்லை. என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். நம் பக்கத்திலிருந்து ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால் கப்பலேறிய தலைமுறை. எந்த ஊர் என்று கேட்டால் மதினி "நல்லம்பட்டி" என்பார். அந்தப் பெயரில் நம் சீமையில் எத்தனையோ பட்டிகள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஒரு தடவை தம்பியிடமிருந்து பார்சல் வந்து நான் பிரித்துக்கொண்டிருந்தேன். மதினி பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இதுல குதிரைவாலி இல்லியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத யாரு மதினி அனுப்புவா?"

"எங்க ஆத்தா ஓயாம அதத்தான் சொல்லும். தோட்டத்து லயத்து வீட்டுல எல்லாரும் சாப்புட ஒக்காந்திருப்போம். வெள்ள வெளேர்னு அரிசிச் சோறு. தட்ட முன்னால வெச்சிக்கிட்டு அழும். குதிரைவாலிச் சோறு ஒரு வாய் கெடைக்குமான்னு கேக்கும். அப்பா திட்டுவாரு. நாங்க பிள்ளைங்க பயந்துபோயி வேக வேகமா தின்னுட்டு எந்திரிச்சிடுவோம்லா."

"அது வானம் பாத்த பூமியில வெளையிற தானியம் மதினி. இல்லாதபட்டவங்க சாப்பாடு. எங்க வீட்லயே அரிசி வாங்க வக்கு வந்ததும் அத நிறுத்திட்டாக."

"அப்படியா?" மதினியின் முகம் கொஞ்சம் வாடிப்போனது. "நானும் ஒன் வீட்டுக்காரரும் சின்னதுல என்னா நெனச்சோம் தெரியுமா? குதிரை பேரு வருதே, ராசா சாப்புடற சோறு போலன்னு நெனச்சோம். ஆத்தா பெரிய எடத்துல பொறந்து இங்க வந்து கஸ்டப்படுதுன்னு." பிறகு, "இருக்கட்டும்லா. ஏழைச் சோறா இருந்தாலும் ஒரு தடவ தின்னு பாக்கணும்" என்றார்.

அதே சமயம் மதினிக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, முற்றியிருந்தது. காலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. மருத்துவர் அரிசியைக் குறைக்கச் சொன்னார். கோதுமை மதினிக்கு ஆகாது. குதிரைவாலி உடம்புக்கு நல்லது என்று நம் பக்கத்தில் சொல்வார்களே என்று எனக்கும் ஞாபகம் வந்தது. தம்பிக்கு எழுதினேன்.

4

அவனிடமிருந்து கோபமாகப் பதில் வந்தது. "ரேசன் கடையில் அரிசி போடுகிறான், எல்லாரும் நெல்லுச் சோறு தின்கிறார்கள். குதிரைவாலிக்கு எங்கே போக? கேட்ட கடையில் எல்லாம், வீட்டில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறீர்களா என்கிறான்." மலேசியாவில் கிடைக்காதது சாத்தூரிலும் கிடைக்கவில்லை என்பது எனக்கு விசித்திரமாக இருந்தது. ஆனாலும் அவன் விடவில்லை. ஏதோ ஒரு கிராமத்துச் சந்தையில் ஒரு பெண்பிள்ளை பெட்டியில் வைத்து விற்றதைப் பார்த்து அப்படியே வாங்கிவிட்டான். குத்தாமல் உமியோடு அனுப்பினான். உமியோடு இருந்தால்தான் கடல் தாண்டினாலும் வண்டு விழாது என்று அவன் கணக்கு.

பார்சல் எங்கள் ஊர்த் தபால் நிலையத்துக்கு வரவில்லை. கிள்ளான் சுங்க அலுவலகத்துக்கு வந்து பிரித்துக் காட்டி எடுத்துக்கொள்ளும்படி ஒரு சீட்டு வந்தது. நடராஜனுக்கு லீவு கிடைக்கவில்லை. பள்ளி விடுமுறை என்பதால் கயலைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மதினிக்கும் வர ஆசை. கால் இடம் கொடுக்கவில்லை. வாசலில் நின்று, "பத்தரமா கொண்டா" என்று சொல்லி அனுப்பினார்.

அங்கே நடுத்தர வயது மலாய் அதிகாரி ஒருவர் இருந்தார். மரியாதையான மனிதர். உள்ளே என்ன என்று மலாயில் கேட்டார். எனக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று. "பீஜி" என்றேன். விதை என்று அர்த்தம். விதை என்றதும் அவர் முகம் மாறியது. தையலைப் பிரித்தார். ஒரு கை அள்ளினார். உள்ளங்கையில் தேய்த்து ஊதிப் பார்த்தார்.

"சம்பாவ்?" என்றார்.

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நெல்லு வகை எல்லாம் தெரிந்தவராக இருக்கிறார், சம்பா அரிசியா என்று கேட்கிறார் என்று நினைத்தேன். "யா, யா! சம்பா, சம்பா!" என்று தலையாட்டினேன்.

அவர் பையை மூடி மேசைக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டார். ஏதோ நீளமாகச் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கயல் என் முந்தானையை இழுத்தாள்.

"மா, அவுரு தரமாட்டாராம். எரிச்சிடுவாங்களாம்."

"எதுக்குடி?"

"சம்பாவ்னா ரும்புட், மா. புல்லு! கெட்ட புல்லு. அவுங்க அப்பா தஞ்சோங் காராங்ல வயல் வெச்சிருக்காராம். அந்தப் புல்ல புடுங்கிப் புடுங்கி அவுருக்கு முதுகே போச்சாம். நீ அத பார்சல்ல வரவழைக்கிறியேன்னு கேக்குறாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே, அத்தனை பேர் முன்னால். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. நம் பக்கத்தில் நெல் வயலில் முளைக்கிற புல்லுக்கும் குதிரைவாலிக்கும் ஒரே சாடைதானே. பங்காளி முறை. அவர் தன் அப்பாவின் வயலைக் காக்கிறார். நான் எந்த மொழியில் அவருக்கு எடுத்துச் சொல்ல?

கயல்தான் பேசினாள். மேசை அவள் கழுத்துக்கு வந்தது. "புக்கான் பீஜி, என்சிக். பீஜிரின்." விதை இல்லை ஐயா, தானியம். விதைக்க இல்லை, சமைக்க. என் அத்தைக்குக் காலில் புண், அரிசி சாப்பிடக் கூடாது, இது அவருடைய அம்மா சாப்பிட்ட சாப்பாடு, அவர் இதுவரை பார்த்ததே இல்லை. அவள் என்ன சொன்னாள் என்பதைப் பிறகு பஸ்ஸில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் என் மகளைப்போல இல்லை என்பதுதான். வீட்டில் என்னிடம் திக்கித் திக்கித் தமிழ் பேசுகிற பிள்ளை அங்கே தண்ணீர்போலப் பேசினாள். இவளுக்கு இத்தனை பேச்சு உண்டா, அது எனக்கு வராமல் போனதே என்று அந்த அழுகையிலும் ஒரு நினைப்பு ஓடியது.

அதிகாரி எழுந்து எங்களைக் கூப்பிட்டுக்கொண்டு பின்பக்கமாகப் போனார். அங்கே அலுவலகக் கேன்டீன். சமைக்கிற மலாய் அம்மாளிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் பெரிய இரும்பு வாணலியைக் கழுவி அடுப்பில் வைத்தார்.

"வறுக்கச் சொல்றாரு மா" என்றாள் கயல். "வறுத்தா மொளைக்காதாம். அப்புறம் கொண்டு போலாமாம்."

வறுத்தேன். அதிகாரி பக்கத்தில் நின்று இன்னும், இன்னும் என்று கையைக் காட்டினார். நான் கைபொறுக்கிற சூட்டில் எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். அவர் விடவில்லை. உமி சிவந்து, சில மணிகள் பொரிந்து வெடித்தன. கேன்டீன் முழுக்க வாசனை. அவரே ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். புல்லுக்கு இப்படி ஒரு வாசனையா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். பையை என் கையில் கொடுத்தபோது கயலின் தலையைத் தடவினார்.

5

மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய் அம்மாளிடம் கோப்பிக்கொட்டை இடிக்கிற மர உரல் இருந்தது. அதை வாங்கிவந்து குத்திப் புடைத்தேன். மதினி நாற்காலியில் காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். குத்தின அரிசியை உள்ளங்கையில் வைத்து நகத்தால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"வெள்ளையா இருக்கும்னு ஆத்தா சொல்லுமே."

"வறுத்ததால செவந்துபோச்சு மதினி."

செம்பிலாங் கருவாட்டில் குழம்பு வைத்தேன், கத்தரிக்காய் போட்டு. நடராஜனும் சீக்கிரம் வந்துவிட்டார். மதினி குளித்து, புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. தட்டில் சோற்றைப் போட்டேன். அவர் முதலில் குழம்பு ஊற்றவிடவில்லை. வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து மெதுவாக மென்றார். இன்னொரு வாய் எடுத்தார்.

"இதுக்கா?" என்றார்.

மூன்றாவது வாயும் எடுத்து மென்றார்.

"இதுக்கா எங்க ஆத்தா அழுதுச்சு?"

நான் பதறிப்போய், வறுத்ததால்தான், பச்சையாகக் குத்திப் பொங்கினால் பூப்போல இருக்கும், அடுத்த தடவை தம்பியைக் குத்தியே அனுப்பச் சொல்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். நடராஜன் சமாதானமாக, "நல்லாத்தானே இருக்குக்கா" என்றார். மதினி குழம்பை ஊற்றிப் பிசைந்து, தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டு முடித்தார். வழக்கமாக ஒரு வாய் மிச்சம் வைக்கிறவர்.

அந்த வாணலியை நான் இன்றும் நினைத்துக்கொள்வதுண்டு. இன்னும் கொஞ்சம் முன்னால் இறக்க விட்டிருந்தால் அந்த ருசி இருந்திருக்குமோ? இல்லை, பச்சைக் குதிரைவாலியே ஆனாலும் மதினி அதைத்தான் கேட்டிருப்பாரோ? அது தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் போய்விட்டது.

மறுநாள் நான் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மதினி நொண்டி நொண்டி வெளியே வந்தார்.

"அந்தச் சோத்துக்கு யாரும் அழமாட்டாங்க" என்றார்.

"ஏன் மதினி?"

"தின்னுதானே பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா அழறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. ஆத்தா வேற எதுக்கோ அழுதிருக்கு. நாங்கதான் சோத்துக்குன்னு நெனச்சிட்டு இருந்துட்டோம்." கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒரு நாளுகூட ஏன் ஆத்தா அழுவறன்னு ஒக்காந்து கேக்கல. பயந்து எந்திரிச்சி ஓடிட்டோம்லா."

6

அதன்பிறகு மதினிக்கு ஊரைப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. குதிரைவாலியைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. நல்லம்பட்டி, நல்லம்பட்டி என்றுதான். "நீ ஊருக்குப் போறப்ப நானும் வர்றேன். ஏரோப்ளேன்ல ஒக்காந்து பாக்கணும்" என்றார். எங்களுக்கும் கூட்டிப் போகவேண்டும் என்றுதான் ஆசை. கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், எடுக்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது.

மதினியிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டில் இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை என்று அர்த்தம். தம்பிக்கு நீலம், அக்காவுக்குச் சிவப்பு. ஒரே லயத்தில் பிறந்தவர்கள். தம்பி பிறந்தபோது தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற யாரோ ஒரு கிராணி பதிவு செய்திருக்கிறார். அக்கா பிறந்தபோது யாரும் செய்யவில்லை. குடியுரிமை கொடுத்த காலத்தில் பால் மரத்தடியில் நின்ற மதினிக்கு அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நடராஜன் லீவு போட்டு அலுவலகம் அலுவலகமாக அழைத்துப் போனார். பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். கலும்பாங் தோட்டத்துக்குப் போனால் தோட்டம் கைமாறி, ஆபீசை இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். வேலையாட்களை மேய்த்த பழைய மண்டோர் ஒருவர் சாட்சி சொல்ல வருவதாகச் சொன்னார். கையெழுத்துப் போடும் நாளுக்கு முன்பே அவர் போய்விட்டார். அலுவலகத்தில் எல்லாரும் நல்லவிதமாகத்தான் பேசினார்கள். அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள்.

"நான் இங்க பொறக்கலியாம்" என்று மதினி சிரிப்பார். "அங்கயும் பொறக்கல. அப்ப எங்கதான்லா பொறந்தேன்?"

புண் மேலே ஏறியது. காலை எடுத்தார்கள். எடுத்தும் நிற்கவில்லை. மருத்துவமனையில் கடைசியாக நினைவோடு இருந்த அன்று கயல் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ மலாய்க் கதையை அவருக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். மதினி என்னைக் கூப்பிட்டார்.

"நீ போறப்ப நல்லம்பட்டியப் பாத்துட்டு வா. யாரையும் தேட வேணாம். சும்மா ஊரப் பாத்துட்டு வா, போதும்."

பதில் கடிதம் ஏதும் அலுவலகத்திலிருந்து வருவதற்கு முன்பே மதினி போய்விட்டார்.

7

இந்த வருடம்தான் நான் முதன்முறையாக ஊருக்குப் போனேன், கயலையும் அழைத்துக்கொண்டு. சாத்தூரில் தம்பி பிள்ளைகள் அவள் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். அவள் இரண்டு நாளில் பேசுவதையே நிறுத்திவிட்டாள். "எப்ப வீட்டுக்குப் போவோம்?" என்று என் காதில் கேட்டாள். வீடு என்று அவள் சொன்னது எதை என்று எனக்குத் தெரியும்.

தம்பிதான் விசாரித்துச் சொன்னான். நல்லமுத்தன்பட்டியைத்தான் சுற்றுவட்டாரத்தில் நல்லம்பட்டி என்பார்களாம், அங்கிருந்துதான் முன்பு மலேயாவுக்குப் போனார்களாம். சாத்தூரிலிருந்து ஒரே பஸ். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அந்த பஸ்ஸை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இறங்கினால் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. கரிசல் காடு, வேலிக்கருவை, ஒரு தீப்பெட்டி ஆபீஸ். மதினி சொன்னபடி ஊரைப் பார்த்தாகிவிட்டது. அடுத்த பஸ் வரும்வரை டீக்கடையில் நின்றோம். கயலின் உடுப்பைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். மலேசியா என்றேன். இந்த ஊரிலிருந்து போனவர்களின் வகையறா என்றேன்.

"அப்பிடியா? அப்ப மலேயாக்காரி மகளப் பாக்கவா வந்திருக்கீக?"

"அது யாரு?"

"சீனியம்மா. அந்தா, தீப்பெட்டி ஆபீசுலதான் குச்சிக் கட்டை அடுக்குது. அத ஊருக்குள்ள மலேயாக்காரி மகன்னுதான் சொல்றது. அது ஆத்தா வேலம்மா, பிள்ளையப் போட்டுட்டுக் கப்பலேறிட்டால்ல."

கயலின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

குச்சி அடுக்கிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே அந்த அம்மாள் வெளியே வந்தார். நான் பெயரைக் கேட்கவேண்டியிருக்கவில்லை. மதினியின் அதே நெற்றி, அதே மேல்தூக்கின புருவம். மதினி இன்னும் பத்து வருடம் இருந்து, இன்னும் கொஞ்சம் காய்ந்துபோயிருந்தால் இப்படித்தான் இருந்திருப்பார்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசினோம். கப்பல் நாளன்று சீனியம்மாவுக்குக் காய்ச்சலாம். அம்மையோ என்று சந்தேகப்பட்டுக் கப்பலில் ஏற்றமாட்டார்கள் என்று அத்தை வீட்டில் விட்டுப் போனார்களாம். அடுத்த வருடம் வந்து கூட்டிப் போவதாகப் பேச்சு. "கடுதாசி வந்துச்சாம். பெறகு சப்பான்காரன் சண்டை. அதோட ஒண்ணும் இல்ல" என்றார். குறையாகச் சொல்லவில்லை. யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னார். தங்கை ஒருத்தி இருந்தாள் என்றேன். "இருக்காளா?" என்றார். போன வருடம்தான் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். தம்பி ஒருவர் இருக்கிறார், இது அவருடைய மகள் என்றேன். கயலின் முகத்தை இரண்டு கையாலும் வழித்தார். தீக்குச்சி மருந்து வாடை அடித்த கை. கயல் கூச்சத்தோடு நின்றாள். கொஞ்சம் கழித்து, "அத்தை, நீங்க பார்வதி அத்தை மாதிரியே இருக்கீங்க" என்றாள். ஒரு மலாய்ச் சொல்கூடக் கலக்காமல்.

திரும்பி வந்து நடராஜனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "எங்கக்கா ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்காமலே போச்சே" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அடுத்த வருடம் போகலாம் என்கிறார். சீனியம்மாவுக்குச் சேலை எடுத்து வைத்திருக்கிறார். ஆனால் மரத்தடியில் பேசியதில் ஒன்றை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தாங்கமாட்டார் என்று தோன்றியது.

கிளம்பும்போது சீனியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்க இங்க பஞ்சத்துல கெடந்தோம் தாயி. போற எடத்துல நெல்லுச் சோறு போடுவாகன்னுதான் போனாகளாம். எங்க ஆத்தா அங்க நல்லாச் சாப்பிட்டுச்சா?"

நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். ஒரு குற்றச்சாட்டும் இல்லாத முகம்.

"சாப்பிட்டாக மதினி" என்றேன். "நல்லாச் சாப்பிட்டாக."

"அப்பச் சரி" என்றார் சீனியம்மா.